சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் பிள்ளை வாய் திறக்காது

பள்ளிகளில் ‘சமூக ஊடக விழிப்புணர்வு’ என்றால் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். முந்நூறு பேரை ஓர் அரங்கில் உட்காரவைப்பார்கள். திரையில் பிரிவு எண், எதிரே சிறைத்தண்டனை, அபராதம் என்று வரிசையாக ஓடும். கடைசியில் ஓர் உறுதிமொழி. அந்த முந்நூறு பேரில், தன் படத்தை யாருக்கோ அனுப்பிவிட்டு இப்போது மிரட்டலில் சிக்கியிருக்கும் பிள்ளையும் இருக்கலாம். ‘படம் அனுப்பினால் ஜெயில்’ என்று மேடையில் கேட்டதும் அந்தப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? மிரட்டுகிறவனும் அதையேதான் சொல்லியிருப்பான்: ‘போலீசுக்குப் போனால் நீதான் மாட்டுவாய்.’ மேடையில் பேசியவர் தன்னை அறியாமலே அவனுக்குச் சாட்சி சொல்லிவிடுகிறார்.

சட்டம் சொல்லித்தரும் வகுப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. அடுத்தவர் படமோ பேச்சோ கைக்கு வரும்போது, அனுப்பும் முன் விரல் ஒரு கணம் நிற்கப் பழக்குவது ஒன்று. தவறு நடந்தபிறகு யாரிடம் போவது, எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என்ற வழியைக் காட்டுவது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் எப்போதும் விட்டுப்போகிறது. இந்தியாவில் 13 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஸ்லைடுகளைச் சரிபாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே செல்லாது என்று ரத்து செய்துவிட்டது. ‘மனம் புண்படும்படி எழுதினால் மூன்றாண்டு சிறை’ என்று சொன்ன பிரிவு அது. இன்னும் அதைத் திரையில் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அவதூறு இப்போது 356, மிரட்டல் 351, பின்தொடர்ந்து தொல்லை செய்வது 78, அந்தரங்கத்தை ஒளிந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 77. பழைய 499, 506, 354-டி இனிப் பழைய சம்பவங்களுக்குத்தான். பிள்ளைகள் கூகுளில் தேடிப் பார்ப்பார்கள். ஓர் எண் தவறென்று தெரிந்தால் மீதியையும் நம்ப மாட்டார்கள்.

எண்களை மனப்பாடம் செய்யவைக்கவும் வேண்டாம். ‘சைபர்புல்லியிங்’ என்று பெயர் வைத்த தனிப்பிரிவு நம் சட்டத்தில் கிடையாது. நடந்த செயலைத்தான் சட்டம் பார்க்கும். அதனால் செயலிலிருந்தே தொடங்குங்கள். நண்பனின் போனை எடுத்து அவன் பெயரில் ஸ்டேட்டஸ் போடுவது விளையாட்டாகத் தெரியும். உரியவர் அனுமதி இல்லாமல் கருவிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவது 66-சி. ஆசிரியை பெயரில் ஃபேக் ஐடி தொடங்கி, அவராக நடித்து ஏமாற்றுவது 66-டி. இவை இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ‘இன்ஸ்டாவில் நான் எதைப் பார்க்கிறேன், யாரோடு பேசுகிறேன் என்று அவன் விடாமல் கண்காணிக்கிறான்’ என்று ஒரு மாணவி சொன்னால், அதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 78 தனியாகவே குறிப்பிடுகிறது.

பையன்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. 77, 78 இரண்டும் பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருக்கும்போதுதான் பொருந்தும். ஆனால் அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி எடுப்பதையும் பரப்புவதையும் தடுக்கும் 66-இ எல்லோருக்கும் பொருந்தும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டமும் அப்படியே, 18 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு. விடுதியில் குளியலறைப் படத்தை வைத்துக் கேலிக்கு ஆளாகும் பையன், தனக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துக்கொண்டு இருப்பான். அந்த எண்ணத்தை வகுப்பில் உடைத்துவிட வேண்டும்.

இப்போது ஃபார்வர்டுக்கு வருவோம். ஒரு முழு வகுப்பை இதற்கே கொடுக்கலாம், அவ்வளவு இருக்கிறது.

‘நான் எழுதல, வந்ததை அனுப்பினேன்’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். ஒரு பதிவை ஃபார்வர்ட் செய்தவர் அதன் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் ஒரு வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. படம் விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 77-ன் விளக்கக் குறிப்பு இப்படிச் சொல்கிறது: ஒரு பெண் படமெடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். ‘அவளேதானே அனுப்பினாள்’ என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். எந்தப் பிரிவு எண்ணையும்விட இது மனதில் நிற்கும்.

இதைப் புரியவைக்க போன் வேண்டாம், துண்டுச்சீட்டு போதும். 31 பேர் இருந்தால் சரியாக வரும். முதல் மாணவரிடம் ஒரு சீட்டு: ‘வானதி பரீட்சையில் பிட் அடித்து மாட்டினாள்.’ அந்தப் பெயரில் வகுப்பில் யாரும் இல்லை என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டு கிடைத்தவர் அதை இரண்டு வெற்றுச் சீட்டுகளில் எழுதி, இன்னும் கிடைக்காத இருவருக்குக் கொடுக்க வேண்டும். 2, 4, 8, 16 என்று நான்கே கைமாற்றில் வகுப்பு முழுவதும் சீட்டு வந்துவிடும். உடனே நிறுத்தி, முதல் மாணவரிடம் சொல்லுங்கள்: ‘எல்லாவற்றையும் திரும்ப வாங்கு.’ சில சீட்டு பைக்குள் போயிருக்கும், சில கிழிந்திருக்கும். கடைசி வரிசைச் சீட்டைப் படித்தால் வாக்கியமே மாறியிருக்கும். பிறகு கேளுங்கள்: முதலில் வாங்கிய இருவரில் ஒருவர் மட்டும் எழுதாமல் நிறுத்தியிருந்தால் எத்தனை பேருக்குப் போயிருக்காது? 14. இதை அவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

அதன்பிறகு நிஜ அளவைச் சொல்லுங்கள். ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பது ஏறக்குறைய இரண்டரை நாள்வரைதான் வேலை செய்யும். அதற்குள் நீக்கினாலும், யாராவது எடுத்துவைத்த ஸ்க்ரீன்ஷாட்டை அது தொடாது.

‘குரூப் அட்மின்தான் மாட்டுவார்’ என்ற பயமும் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று பம்பாய், சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் 2021, 2022 ஆண்டுகளில் சொல்லிவிட்டன. பதிவு வெளிவருமுன் அதைப் பார்த்துத் தடுக்கும் வசதி அட்மினுக்கு இல்லை என்பது முக்கியக் காரணம். ஆனால் மாணவர்கள் பெயரில்லாமல் அனுப்புவதை வெளியிடும் ‘கன்ஃபெஷன் பேஜ்’ வேறு விஷயம். அதை நடத்துபவர் தனக்கு வரும் ஒவ்வொன்றையும் படித்து, தேர்ந்தெடுத்து, தன் கையால் வெளியிடுகிறார். பெயர் போடாமல் ‘பத்தாம் வகுப்பு பி பிரிவு, இரண்டாவது பெஞ்ச்’ என்று எழுதினாலும் ஆள் அடையாளம் தெரிந்தால் அவதூறு அவதூறுதான். இந்த வேறுபாட்டை அந்தப் பேஜ் நடத்தும் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லை என்று எழுதுவதும், ஆட்சியில் இருப்பவரை விமர்சித்து மீம் போடுவதும் குற்றமல்ல. அரசியலமைப்பின் 19-வது பிரிவு தரும் உரிமை அது. பொதுநலனுக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது. பேசவே கூடாது என்று சொல்லித்தருவது பொறுப்பைச் சொல்லித்தருவது ஆகாது.

18 என்ற எல்லைக்கோட்டைத் தனியாக ஒரு வகுப்பில் எடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பிலேயே சிலருக்கு 18 முடிந்துவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கும் இருவரில் ஒருவர் சட்டத்தின் கண்ணில் குழந்தை, மற்றவர் பெரியவர். 18-க்குட்பட்டவர் தவறு செய்தால் சிறார் நீதி வாரியம் விசாரிக்கும். ஏழாண்டும் அதற்கு மேலும் குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றங்களில்தான், 16 தாண்டியவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்ற கேள்வியே எழும். மற்றபடி அந்த வழக்கால் பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதி இழப்பு வரக்கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. எனவே 14 வயதுப் பிள்ளையிடம் ‘உன் வாழ்க்கையே முடிந்தது’ என்று சொல்வது பொய். 18 வயது இரண்டு மாதத்துக்காரருக்கு அந்தத் தடுப்புச்சுவர் இல்லை. அவர் தன் 17 வயது நண்பரின் அந்தரங்கப் படத்தை வைத்திருந்தால், ‘சம்மதத்தோடுதான்’ என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. வயது நெருக்கத்துக்கு நம் சட்டத்தில் விலக்கு கிடையாது. கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும்.

18-க்குட்பட்டவரின் பாலியல் படமோ காணொளியோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின்கீழ் வரும். முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அனுப்புவது மட்டுமல்ல, தேடுவதும் பதிவிறக்குவதும் அதில் அடங்கும். ‘பதிவிறக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்’ என்றால் குற்றமில்லை என்று சொன்ன சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. செயலியில் முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படம் என்றால் தப்பில்லை என்று நினைத்துவிடக் கூடாது. குழந்தையின் ‘உண்மையான அல்லது புனையப்பட்ட’ சித்திரிப்பை ஊடகத்தில் போடுவதாக மிரட்டுவதே போக்சோ 11-வது பிரிவில் பாலியல் தொல்லை.

அப்படியொன்று குழுவில் தானாக வந்து விழுந்தால்? இதற்கான படிகளை வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். திறந்து பார்க்காமல், யாருக்கும் காட்டாமல், பதிவைப் புகார் செய்து குழுவிலிருந்து வெளியேற வேண்டும். பிறகு கேலரியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தானியங்கிப் பதிவிறக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் படம் போனுக்குள் வந்திருக்கும். கேலரியில் நீக்கியபின் குப்பைத்தொட்டியிலும், மேகச் சேமிப்பிலும் நீக்க வேண்டும். பலர் விடுவது இந்தக் கடைசி இரண்டைத்தான். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் இவ்வகைப் பதிவுகளைப் பெயர் சொல்லாமலே தெரிவிக்கலாம். அதோடு வாட்ஸ்அப் அமைப்புகளில் மீடியா தானாக இறங்குவதை அணைத்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

மிரட்டலில் சிக்கியவருக்கான வழி இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டியது. பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுப்பவர் என்று தெரிந்துவிடும், கேட்பது கூடும். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிட்டுக் கணக்கையே மூடிவிடுவார்கள், அதுதான் பெரிய இழப்பு. பிளாக் செய்யும் முன் சேகரிக்க வேண்டியவை உண்டு: கணக்கின் முகவரி இணைப்பு, மிரட்டல் வரிகள் தேதி நேரத்தோடு, கேட்ட யுபிஐ முகவரி அல்லது எண். காட்சிப் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், ஸ்க்ரீன்ஷாட்டில் அது மட்டும் இருந்தால் பயன் குறைவு. அட் குறியோடு வரும் பயனர்பெயர் தெரிய வேண்டும். மிரட்டல் செய்தியிலிருந்து அந்தக் கணக்கின் முகப்புக்குப் போய், அங்கிருந்து பதிவுக்குப் போவதைத் திரைப்பதிவாக எடுத்தால் இன்னும் நல்லது. மின்னணு ஆதாரத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்கீழ் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் அசல் செய்தி இருக்கும் போனை ரீசெட் செய்யவோ விற்கவோ கூடாது.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, வங்கி இவை நான்கும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால் மணிக்கணக்கில் யோசிக்க நேரமில்லை. இதே இடத்தில் இன்னொன்றும் சொல்லுங்கள். ‘உன் பேங்க் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம்’ என்று மாணவர்களிடம் கேட்பவர்கள், இப்படிப் பறித்த பணத்தைத் தாவவிடத்தான் கேட்கிறார்கள். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கின் சொந்தக்காரர் வீட்டில்.

படம் பரவாமல் தடுக்க, 18-க்கு முன் எடுத்த படம் என்றால் ‘டேக் இட் டவுன்’, 18 தாண்டியபின் எடுத்தது என்றால் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவசச் சேவைகள் உள்ளன. படம் போனை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்திலிருந்து கணக்கிட்ட எண் அடையாளம் மட்டும், இந்தச் சேவைகளில் இணைந்திருக்கும் தளங்களுக்குப் போகும், அதே படம் ஏறினால் அவை கண்டுபிடித்துத் தடுக்கும். குறைகளும் உண்டு. வெட்டியோ ஃபில்டர் போட்டோ மாற்றினால் அடையாளம் மாறிவிடும், ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். பூட்டிய தனி உரையாடல்களுக்குள் இது எட்டாது. தளத்தின் குறைதீர் அதிகாரியிடம் நேரடியாகவும் கேட்கலாம். அந்தரங்கப் படங்களை நீக்க 2021 விதிகள் 24 மணி நேரக் கெடு வைத்தன. பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் புகார் தரலாம்.

காவல் நிலையம் என்றாலே பிள்ளைகள் ஒடுங்கிப்போவார்கள். அங்கே என்ன நடக்கும் என்று சொன்னால் பாதி பயம் போகும். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, குழந்தையை எக்காரணத்துக்காகவும் இரவில் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெயரும் முகமும் வெளியே வராது. 1098 குழந்தைகள் உதவி எண். மனம் உடைந்து பேச ஆள் வேண்டுமென்றால் 14416. இரண்டையும் பலகையில் எழுதி, எல்லோரும் நோட்டில் எழுதும்வரை காத்திருங்கள்.

பெரியவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றியும் பேச வேண்டும். ஒரு மாணவி வந்து சொன்னதும் ‘அந்தப் படத்தை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு, பார்க்கிறேன்’ என்பது மிக மோசமான முதல் வார்த்தை. அனுப்பவைத்ததும் பரப்பல்தான், இப்போது ஆசிரியர் போனிலும் அந்தப் படம் இருக்கிறது. பார்க்கவே தேவையில்லை. என்ன நடந்தது, எந்தத் தளம், எப்போது என்று மாணவியின் சொற்களிலேயே எழுதிக்கொண்டால் போதும். இரண்டாவது தவறு, ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுப்பது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ 19-ன்படி கட்டாயம். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. இந்தத் தண்டனை குழந்தைகளுக்கு இல்லை, அதையும் சொல்லிவிடுங்கள். தோழி விஷயத்தை மறைத்த பிள்ளையும் பயந்துகொண்டுதான் இருக்கும். ‘உன் பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் என்பதை உன்னிடம் முதலில் சொல்வேன்’ என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. மூன்றாவது, இரு தரப்பையும் அழைத்து அறைக்குள் ‘சமாதானம்’ பேசுவது. போன்கள் அழிக்கப்படுவதும் சாட்சிகள் மாறுவதும் அந்த அறையில்தான். அன்றிரவு அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

வகுப்புக்கு முன் பள்ளியின் சொந்தக் கணக்கையும் திறந்து பாருங்கள். தாமதமாக வந்த மாணவனை முட்டிபோடவைத்த காணொளி, பெற்றோரைக் கேட்காமல் போட்ட நடன ரீல், மதிப்பெண்ணோடு முகம்: இவை அங்கே இருந்தால், சம்மதம் பற்றி நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18-க்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. ‘நீதி வேண்டும்’ என்று முகத்தோடு ஸ்டேட்டஸ் போடும் நல்லெண்ணக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

நடைமுறைக்கு, 40 நிமிட வகுப்பு நான்கு போதும், ஒரு வகுப்பில் 31 பேரைத் தாண்ட வேண்டாம். சீட்டு விளையாட்டு முதல் நாள், 18 இரண்டாம் நாள், ஆதாரமும் புகாரும் மூன்றாம் நாள். நான்காம் நாள் முழுக்கக் கேள்விகளுக்கு. கேள்விப் பெட்டி வைத்தால் எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டு கொடுத்து, எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். கேள்வி இல்லாதவர் ‘கேள்வி இல்லை’ என்று நான்கு முறை எழுதட்டும். இல்லாவிட்டால் நிஜமாக எழுதும் பிள்ளை மட்டும் குனிந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெட்டியை அன்று மாலையே திறந்து படித்துவிடுங்கள், அடுத்த வாரத்துக்கு வைக்காதீர்கள். ‘ஒருத்தர் என் போட்டோவை வெச்சு மிரட்டுறார்’ என்று பெயரில்லாமல் ஒரு சீட்டு வந்தால், கையெழுத்தை வைத்து ஆள் தேட வேண்டாம். மறுநாள் காலை எல்லா வகுப்பிலும் ஒரே அறிவிப்பு போதும்: எந்த அறையில், எந்த நேரத்தில், யார் இருப்பார், கதவு திறந்திருக்கும். அந்த நேரத்துக்கு அவர் அங்கே இருக்க வேண்டும், யாரும் வராவிட்டாலும், அடுத்த நாளும்.